கலங்கலில் அடித்த கம்பிவலை

இன்று செங்கல்பட்டில் ஓர் இரும்புக்கடையில், வீட்டு வேலிக்குக் கம்பிவலை கேட்டு நின்றேன். கடைக்காரர் சுருளைத் தரையில் உருட்டி, ஒரு முனையைக் கட்டிங் பிளேயரால் வெட்டினார். வெட்டுப்பட்ட கம்பி துள்ளி அவர் முழங்கையைக் கீறியது. ரத்தத்தைப் பார்த்ததும் வலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். நீ செத்து இத்தனை வருஷமாகியும், என்னை ஒரு கடையில் நிம்மதியாகச் சாமான் வாங்க விடமாட்டேன் என்கிறாய்.

தொண்ணூறுகளின் கடைசியில், செய்யூர்ப் பக்கம் ஒரு சுற்றுலா விடுதி முதலாளி ஓடையை மறித்துக் கட்டிய அந்தக் குட்டி அணையில் நாம் இருவரும் வேலைக்குச் சேர்ந்தோம். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அங்கே நான் விடுதி மேனேஜர், நீ கரைக்காவல். மகாபலிபுரம் பார்த்துவிட்டு வரும் சென்னைக்காரர்கள் படகு விடவும் தூண்டில் போடவும் தேக்கிய தண்ணீர் அது. அவர்களுக்கு அது ஏரி. உனக்கு அது கட்டிப்போட்ட முரட்டு மாடு. கயிறு எங்கே இற்றுப்போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாய்.

மழைக்கு முன்னால் கரையை ஒரு முழம் விடாமல் நடந்து பார்ப்பாய். தானாக முளைத்த சவுக்குக் கன்றுகளை வேரோடு பிடுங்குவாய். வேர் அழுகினால் அந்த வழியே தண்ணீர் நுழையும் என்பாய். நண்டு வளைக்குள் தோள்வரை கையை விட்டு, விரலைக் கவ்விய நண்டோடு இழுத்து, கல்லில் அறைந்து கொல்வாய். ரத்தம் சொட்டும் கையாலேயே களிமண்ணைத் திணித்து மிதிப்பாய். எஞ்சினியர் சார் வந்துட்டாரு என்று நான் கிண்டல் செய்வேன். உன் வீடு கரைக்குக் கீழே நூறடியில் இருந்ததை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வெளியேறும். அதோடு முதலாளி வளர்த்த கட்லா, ரோகு மீன்களும் போகும். கீழே உன் தெருக்காரர்கள் வேட்டியை விரித்துப் பிடிப்பார்கள். முதலாளிக்கு வயிற்றெரிச்சல். கலங்கலின் குறுக்கே கம்பிவலை அடிக்கச் சொன்னார். நானே கூட நின்று அடிக்க வைத்தேன். நீ ஒரு வார்த்தைதான் சொன்னாய்.

“கலங்கல அடைச்சா கரை வாயத் தொறக்கும், மச்சான்.”

மீன்தான் நிற்கும், தண்ணீர் போகும், அதுதான் வலையில் ஓட்டை இருக்கிறதே என்று நான் உனக்குப் பாடம் எடுத்தேன்.

அது ஒரு கார்த்திகை ஞாயிறு. புயல் மழை பிடித்து மூன்றாம் நாள். பகல் பதினோரு மணிக்கு ஆகாயத்தாமரையும் சவுக்குச் சருகும் ஒடிந்த கிளைகளும் மோதி வலையை அடைத்துவிட்டன. இடுப்பளவு தண்ணீரில் நின்று இருவரும் பிய்த்துப் போட்டோம். பிய்க்கப் பிய்க்க அடைத்தது. தண்ணீர் கரையின் தலைக்கு ஒரு சாண் கீழே வந்துவிட்டது. உன் தெருவைச் சுற்றி வயலெல்லாம் வெள்ளம். அவர்களுக்கு ஓட வழியில்லை. வலையை வெட்டியாக வேண்டும் என்றாய். நான் அலுவலகத்துக்கு ஓடி முதலாளிக்குப் போன் போட்டேன். சருகை அள்ளு, வலையைத் தொட்டால் உனக்கு வேலை இல்லை என்றார். திரும்பி வந்தபோது நீ கட்டிங் பிளேயரோடு கலங்கலில் இறங்கிக்கொண்டிருந்தாய்.

உன் காலரைப் பிடித்து மேலே இழுத்தேன். நீ முழங்கையால் என் வாயில் இடித்தாய். இரண்டு பல் போனது. வாயெல்லாம் ரத்தமும் சேறும். எனக்கு வெறி பிடித்துவிட்டது. கரையில் கிடந்த படகுத் துடுப்பை எடுத்து உன் நெற்றியில் ஓங்கி அடித்தேன். துடுப்பு பிளந்தது. நீ மண்டியிட்டு விழுந்தாய். அந்த நேரத்தில்தான் கரையின் வெளிப்பக்கம் ஓரிடம் பிய்த்துக்கொண்டு செம்மண் தண்ணீரைக் கக்கியது. நீ அதைப் பார்த்தாய். ஒரு கண்ணை ரத்தம் மூடியிருக்க, எழுந்து நின்றாய்.

“உன் வேல மேல கீது. என் பொண்ணு கீழ கீது.”

நீ கத்தக்கூட இல்லை. தள்ளாடிக்கொண்டே இறங்கினாய். நாலு கம்பி வெட்டினாய், ஐந்து வெட்டினாய். மிச்சத்தைத் தண்ணீரே கிழித்தது. வலையும் கிளையும் ஒரே சுருட்டாக உன்னை வாரிக் கல்லில் அடித்துக்கொண்டு போனது.

அரைமணியில் தண்ணீர் இரண்டடி இறங்கியது. கரை நின்றது. உன் தெருவில் ஒரு கூரைகூடப் போகவில்லை. மூன்றாம் நாள் பனங்காட்டில், வலையில் சிக்கிக் கிடந்த உன்னைக் கம்பி கம்பியாக வெட்டி எடுத்தோம். நெற்றிக் காயத்தைப் பற்றிக் கேட்ட போலீஸ்காரரிடம் கல்லில் அடிபட்டது என்றேன். எல்லாரும் நம்பினார்கள். நான் கோழை, மச்சான்.

உன் பெண் இப்போது சிறுசேரியில் வேலை பார்க்கிறாள். பண்டிகை தவறாமல் மாமா, மாமா என்று வந்து நிற்பாள். அவள் கல்யாணத்தில் உன் இடத்தில் என்னை நிற்கச் சொன்னார்கள். வெட்கமில்லாமல் நின்றேன். இன்று இரும்புக்கடையை விட்டு வந்தவன் வீட்டுக்குப் போகவில்லை. அவளைப் பார்க்கப் பஸ் ஏறினேன். துடுப்பைச் சொன்னேன். போலீஸிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்பா திரும்ப இறங்குனப்போ நீங்க கூட இறங்குனீங்களா?”

“இல்லம்மா. கரையிலயே நின்னேன்.”

உன்னை அடித்ததுதான் இத்தனை வருஷமாக நெஞ்சில் கிடக்கிறது என்று நினைத்திருந்தேன். அது இல்லை. நின்றதுதான். அதை வாயால் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. கிளம்புகிறேன் என்று எழுந்தேன். மரியாதைக்கு வாசல் வரை வந்தாள்.

“பார்த்துப் போங்க, சார்” என்றாள்.