பச்சை பூசிய செங்கற்கள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் சுகம். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால்தான் கடிதம். கடைசிவரை படி.

நம் பண்ணை வீட்டுக் கூரையை மாற்ற அனுமதி கேட்டிருந்தோம். பழைய கட்டடம், முதலில் அளந்து பதிவு செய்ய வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். நானும் துணைக்கு வந்து தங்கினேன். சுவர் சுவராகத் தட்டி, அளந்து, படம் வரைந்தாள். கொள்ளுத்தாத்தா கட்டிய கூடம் என்று அப்பா ஊரெல்லாம் பீற்றிக்கொள்வாரே, அது முதலில் மாட்டுத் தொழுவமாம். தரைக்கல் பெயர்ந்த இடத்தில் மூத்திரம் ஓடிய கால்வாயைக் காட்டினாள். அப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு உன் அறைக்கு வந்தாள். நீ சண்டை போட்டுக்கொண்டு போய், மனசு கேட்காமல் திரும்பி வந்தபோது, கூடத்திலிருந்து உன் அறைக்குப் போகும் வாசலை அப்பா செங்கல் வைத்து அடைத்திருந்தார். இனி வராதே என்று சொல்லாமல் சொல்கிறார் என நினைத்து, பையைக்கூட இறக்காமல் போய்விட்டாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். இத்தனை வருஷமும் மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

அவள் அந்த அடைப்பின் பூச்சைக் கொஞ்சம் பெயர்த்து டார்ச் அடித்துப் பார்த்தாள். "வாசலுக்கு மேல உத்தரம் ரெண்டா உடைஞ்சிருக்குக்கா. இந்தச் செங்கல்தான் கூரையைத் தாங்குது" என்றாள். சில செங்கற்களில் பச்சைப் பெயின்ட். நீ உன் அறைக்கு அடித்த அதே பச்சை. அவை உன் ஜன்னலுக்குக் கீழே இருந்தவையாம். ஜன்னலை இடித்து முற்றத்துப் பக்கம் கதவு வைத்துவிட்டு, அந்தச் செங்கலைக் கொண்டே வாசலை அடைத்திருக்கிறார். இரண்டும் ஒரே சமயத்தில் செய்த வேலையாம். அந்தக் கதவு தீவனம் இறக்க என்று நான் நினைத்திருந்தேன். உனக்காக வைத்த வழி, தம்பி.

அப்பாவிடம் கேட்டேன். "உத்தரம் விட்டுப்போச்சு, அடைச்சேன்" என்றார். அவனிடம் சொல்லியிருக்கலாமே என்றால், "அவன் கேட்டானா?" என்கிறார். இரண்டு பேருக்கும் அதே வீம்பு. கோபம் வந்தாலும், நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

நேற்று படத்தில் ஒவ்வொரு அறைக்கும் பெயர் எழுதினாள். உன் அறையில் இப்போது தீவன மூட்டைகள்தான். கிடங்கு என்று போடட்டுமா என்று கேட்டாள். அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல், "சின்னவன் ரூம்னு போடும்மா" என்றார்.

காலையிலிருந்து இடுப்பு வலியோடு அந்த மூட்டைகளைத் தானே வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் சொன்னால் கேட்கவில்லை. நீ வந்து சொல்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அக்கா