சத்தம் நின்ற நாடகம்

அன்புத் தங்கைக்கு,

ஞாயிற்றுக்கிழமை என் நாடகத்தின்போது லீட்ஸில் உன் டிவியில் இரண்டு தடவை சத்தம் நின்றதாக எழுதியிருந்தாய். நேரடி ஒளிபரப்பில் யாராவது வசனத்தை மறந்தால், எடுத்துக்கொடுக்கும் டோரீன் ஒரு பொத்தானை அழுத்துவாள். நாடு முழுக்கச் சத்தம் நிற்கும். அவள் வசனத்தைச் சொன்னதும் திரும்ப வரும்.

“ஊரே டிவியத் தட்டிப் பாத்திருக்கும், விடுங்கக்கா” என்று அப்புறம் சிரித்தாள்.

எனக்கு வழக்கமான வீட்டுக்காரம்மா வேஷம். “டீ ஆறிடப் போகுது, கீழ வாங்க.” எத்தனை வருடமாகச் சொல்லும் வசனம். டீத்தட்டோடு வந்து நின்றேன், இரண்டு தடவையும் வாயில் வரவில்லை.

அடுத்த வாரம் நர்ஸ். கொஞ்சம்தான் வசனம். சமையலறைச் சுவரெல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அம்மாவுக்கு எந்த வயதில் ஆரம்பித்தது? எழுது.

டிவியைப் பழுதுபார்க்கக் கொடுக்காதே. அது நன்றாகத்தான் இருக்கிறது.

உன் அக்கா