அச்சில் ஏறாத எட்டுப் படங்கள்

இன்று காலை நம் ஸ்டுடியோவின் இருட்டறையை இடித்தார்கள். கட்டடத்துச் சொந்தக்காரர் அந்த இடத்தில் கக்கூஸ் கட்டப்போகிறார். தூசி அடங்கட்டும் என்று கொத்தனார் சுவரில் தண்ணீரை வீசியதும், இத்தனை வருஷம் பூச்சுக்குள் ஊறிக் கிடந்த ஹைப்போ வாடை குப்பென்று எழுந்தது. "என்ன அண்ணாச்சி, ஆஸ்பத்திரி வாடை அடிக்கி?" என்று கேட்டார். ஃபிலிம் கழுவுகிற மருந்து என்றேன். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உமக்கு எழுத உட்கார்ந்தேன். நீர் போய்ச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதை முன்னமே எழுதியிருக்க வேண்டும்.

நாம் சேர்ந்து கடை போட்டபோது வேலையை நீர்தான் பிரித்தீர். கல்யாணம், சடங்கு என்று வெளி வேலையெல்லாம் உமக்கு. கடைக்குள் உட்காரவைத்து எடுப்பதும், கழுவி அச்சுப் போடுவதும் எனக்கு. கலர் ஃபிலிம் பஸ் ஏறி திருநெல்வேலி லேபுக்குப் போய்விடும். கறுப்பு வெள்ளை மட்டும் நம் இருட்டறையில். மனிதர்களிடம் எனக்கில்லாத பொறுமை உமக்கு இருந்தது. பெண் பார்க்க அனுப்புகிற படத்துக்காக வந்து விறைத்துப்போய் நிற்கிற பிள்ளைகளை நான் இன்னும் மிரட்டி வைத்திருப்பேன். வெளியிலிருந்து வருகிற நீர் வாசலிலேயே நின்று, "சிரிக்க வேண்டாம் தாயி. மூச்ச விடு, அது போதும்" என்பீர். அந்த மூச்சில் முகம் இளகும். நான் எடுத்துவிடுவேன்.

நம்முடையதைப் போன்ற ஊரில் தாலி கட்டுவதை எடுக்கிறவர்தான் போலீஸுக்கும் படம் எடுத்தாக வேண்டும். தூக்கில் தொங்கியது, ஆற்றோடு போனது, லாரி அடித்தது என்று மாதம் ஒன்றாவது வரும். ஏட்டையா சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு, "ஒரு சோலி கெடக்கு, வாரும்" என்பார். அதற்கென்று தனியாக ஒரு பழைய கேமரா வைத்திருந்தீர். கல்யாணக் கேமரா இருக்கும் பீரோவில் அதை வைக்க மாட்டீர். போய்வந்தால் ஆற்றில் முங்கி எழுந்துதான் கடை ஏறுவீர். ஊரும் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் உம்மைக் கூப்பிடாத கல்யாணம் அப்போது இல்லை.

கோமதியை முதலில் படம் எடுத்தது நான். மேற்கே மலையடிக் கிராமத்துப் பெண். அப்பா இல்லை. அம்மா பீடி சுற்றி வளர்த்த ஒற்றைப் பிள்ளை. நான் எடுத்த அந்தப் படம் தூரத்துச் சொந்தமான நம்மூர் அரிசி மில்காரர் வீட்டுக்குப் போய், பையனுக்குப் பிடித்து, தை மாதம் கல்யாணம். கல்யாணத்தை எடுத்தது நீர். தாலி அறுத்த பெண்பிள்ளை என்பதால் அவளுடைய அம்மா மணவறைப் பக்கமே வராமல் தூண் மறைவில் நின்றிருக்கிறாள். நீர் கூப்பிட்டதற்கு, "நான் அங்கன வரப்பிடாது அண்ணாச்சி" என்றாளாம். நீர் சாப்பாடெல்லாம் முடிந்ததும் பெண்ணை மாலையோடு சமையல்கட்டுப் பக்கம் அழைத்துப்போய், அண்டாக்களுக்கு நடுவில் அம்மாவையும் மகளையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்துக் கொடுத்தீர். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்ததை என்னிடம் சொல்லிச் சிரித்தீர்.

ஏழு மாதம் கழித்து, ஆவணியில் ஒரு காலை, ஏட்டையா வந்தார். மில்காரர் வீட்டுக் கிணற்றில் மருமகள் தவறி விழுந்துவிட்டாள் என்றார். நீர் பழைய கேமராவை எடுத்துக்கொண்டு போனீர்.

அங்கே நடந்ததை நீர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கயிறு கட்டி மேலே தூக்கிக் கல்தளத்தில் கிடத்தியிருந்தார்கள். போலீஸுக்கு வேண்டியது நாலு படம்: கிணறு, கிடக்கிற இடம், முழு உடம்பு, முகம். அதை எடுத்து முடித்தீர். பிறகு பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கழுத்தில் ஒட்டிக் கிடந்த முடியை ஒதுக்கச் சொன்னீர். எஸ்.ஐ. போதும் என்றார். "ரோல் தீரல சார், மிச்சம் வீணாப் போயிரும்" என்று சொல்லிக்கொண்டே இன்னும் எட்டுப் படம் எடுத்தீர். கழுத்தின் இரண்டு பக்கமும், இரண்டு மணிக்கட்டும்.

மத்தியானம் ரோலை என் கையில் கொடுத்தபோது உம் தலைமுடி ஈரமாக இல்லை. ஆற்றுக்குப் போகாமல் நேரே வந்திருந்தீர். "பையப் பாத்துக் கழுவும் வே" என்றீர். கழுவித் தொங்கவிட்டோம். காய்ந்ததும் நாலு நாலாக மூன்று துண்டுகளாக வெட்டி விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம். கழுத்தில் இருந்தது கயிற்றுத் தடம் இல்லை. விரல்கள். எண்ணிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"போலீஸுக்கு அந்த நாலப் போட்டுக் குடுத்திரும். மிச்சம் எட்டையும் பெரிசாப் போட்டு வையும். வள்ளியூர் கல்யாணத்த முடிச்சிட்டு நாளைக்கு மத்தியானம் வந்திருவேன். கல்யாணமாயி ஏழு மாசந்தான ஆவுது, ஆர்.டி.ஓ. விசாரணைக்கு வருவாரு. நேர்ல குடுத்திருதேன்" என்று சொல்லிவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் போனீர்.

மறுநாள் காலை கடையைத் திறந்து கொஞ்ச நேரத்தில் என் தாய்மாமன் வந்தார். கூடவே மில்காரரின் தம்பி. என் தங்கச்சிக்கு அப்போதுதான் ஒரு இடம் திகைந்து, நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்தோம் என்பது உமக்குத் தெரியும். அந்த மாப்பிள்ளை மில்காரர் வீட்டுக்குப் பங்காளி முறை.

மில்காரரின் தம்பி சத்தம் போடவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "எங்க வீட்டுப் பிள்ள போயிட்டு தம்பி. எங்களுக்கும் துக்கந்தான். செத்தவ படத்த வச்சி நீங்க என்ன செய்யப்போறிய?" என்றார்.

மாமா என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். "ஏலே, இருவத்தாறு வயசாச்சு அவளுக்கு. மூணு எடம் தட்டிப்போயி இப்பதான் ஒண்ணு கூடி வந்திருக்கு. ஒரு துண்டு ஃபிலிமுக்காவ அவள வீட்டோட வச்சிருக்கப் போறியா?"

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். எட்டுப் படமும் இருந்த அந்த இரண்டு துண்டுகளையும் கிளிப்பிலிருந்து எடுத்தேன். இன்னும் அச்சுப் போட்டிருக்கவில்லை. மில்காரரின் தம்பி வாங்கி, விளக்கில் பிடித்துக்கூடப் பார்க்காமல், மடித்து வேட்டி மடியில் செருகிக்கொண்டார். "தங்கச்சி கல்யாணத்துல பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீர் மத்தியானம் வந்தீர். மருந்துக் கையோடு நின்றபடி, "ஃபிலிம்ல வெளிச்சம் பட்டுட்டு. கதவு சரியா அடையல" என்றேன்.

நீர் இருட்டறைக்குள் போய்க் கயிற்றைப் பார்த்தீர். போலீஸுக்கான முதல் துண்டு தெளிவாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கழுவிக் காய்ந்துபோன ஃபிலிமை வெளிச்சம் ஒன்றும் செய்யாது. முந்தின நாள் அதை நாம் இருவரும் சேர்ந்து பார்த்திருந்தோம். இவ்வளவு மட்டமான பொய்யைத் தொழில் தெரிந்தவரிடம் எப்படிச் சொன்னேன் என்று இன்றும் விளங்கவில்லை. நீர் அந்த முதல் துண்டைக் கழற்றி உறையில் போட்டீர். திரும்பியபோது, "தங்கச்சிக்கு நிச்சயம் என்னைக்கு வே?" என்று மட்டும் கேட்டீர்.

ஆர்.டி.ஓ. விசாரணையில் படம் இல்லாமலே கண்ணால் கண்டதைச் சொன்னீர். கோமதியின் அம்மாவும் புகார் எழுதிக் கொடுத்தாள். மில்காரர் வீட்டார் மேல் வழக்கு பதிவானது. அன்றிலிருந்து மில்காரர் வகையறா உம்மைக் கூப்பிடவில்லை. அப்புறம் அவர்களுக்கு வேண்டியவர்கள். "பொணம் எடுக்குத கை, மங்கள காரியத்துக்கு எதுக்கு?" என்று அதுவரை யாரும் சொல்லாததை ஊர் சொல்ல ஆரம்பித்தது. வருகிற கல்யாணமெல்லாம் என்னைக் கேட்டு வந்தன. உமக்குப் பாஸ்போர்ட் படமும் ஏட்டையாவின் சோலியும் மிஞ்சின.

என் தங்கச்சி கல்யாணத்தை மட்டும் நான்தான் எடுப்பேன் என்று நீரே வந்து நின்றீர். மாமா ஒத்துக்கொண்டார். குடும்பப் படத்துக்கு எல்லோரும் வரிசையாக நின்றபோது ஓரத்தில் மில்காரரின் தம்பி. "அண்ணாச்சி, கொஞ்சம் உள்ள வாங்க, கை வெட்டுப்படுது" என்று மற்றவர்களிடம் சொல்வது போலவே அவரிடமும் சொன்னீர். அந்த ஆல்பத்தில் ஒரு படம்கூடப் பழுதில்லை. தங்கச்சி நன்றாகத்தான் இருக்கிறாள். மூன்று பிள்ளைகள். அவளிடம் இதைச் சொன்னதில்லை.

இரண்டு வருஷம் கழித்துத் திருநெல்வேலியில் வழக்கு நடந்தது. போஸ்ட்மார்ட்டம் அறிக்கையில் கழுத்தில் தடம் என்று மட்டும் இருந்தது. அது மேலே தூக்கிய கயிறு பட்டு வந்தது என்பது எதிர்த்தரப்பு வாதம். நீர் கூண்டில் நின்று விரல் தடம் என்றீர். அப்படியானால் படம் எங்கே என்று வக்கீல் கேட்டார். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். என் பெயரைச் சொல்வீர் என்று காத்திருந்தேன். அப்போது எழுந்து ஒப்புக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன் என நினைத்துக்கொள்ள ஆசைதான். உண்மை அப்படியில்லை. மறுப்பதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

"நான்தான் கெடுத்துட்டேன். கேமராவத் தொறக்கும்போது கவனமில்ல" என்றீர்.

எல்லோரும் விடுதலை ஆனார்கள். தீர்ப்பு நாளன்று வராந்தாவில் கோமதியின் அம்மா உம் எதிரே வந்து நின்றாள். அழவில்லை. "சமையக்கட்டுல வச்சி எங்கள ஒண்ணா படம் புடிச்சீரு. கையெடுத்துக் கும்பிட்டேன். எம் பிள்ளைய நீருமா கைவிடணும்?" என்றாள். நீர் தலையைக் குனிந்துகொண்டீர். பத்தடி தள்ளி உம் குடையையும் பையையும் பிடித்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தீர். சேரன்மகாதேவி தாண்டியதும் தூங்கிவிட்டீர், அல்லது கண்ணை மூடிக்கொண்டீர்.

மஞ்சள் காமாலை முற்றி உம்மைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, கோமதி போய்ப் பத்து வருஷம் ஆகப்போயிருந்தது. நான் போய்க் கட்டில் ஓரம் உட்கார்ந்து, "அந்த ஃபிலிமு..." என்று ஆரம்பித்தேன். "தெரியும்லா" என்றீர். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "எங்கிட்ட சொல்லி என்ன வே. அந்தம்மாட்ட போயிச் சொல்லும்" என்றீர். வாரக் கடைசியில் போகிறேன் என்றேன். நீர் வாரக் கடைசி வரை இருக்கவில்லை.

உமது பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் போனேன். பீடித் தட்டை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். தங்கச்சி, மாமா, வேட்டி மடி, கூண்டில் நீர் சொன்ன பொய், எல்லாம். கத்தரிக்கோல் நிற்கவில்லை.

"அந்த அண்ணாச்சி எங்க?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

அப்போதுதான் கை நின்றது. "அவரு உசுரோட இருக்கும்போது வந்திருக்கலாம்லா. நான் அவர அப்படிக் கேட்டிருக்க மாட்டேனே" என்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகளுக்காகக் கோர்ட்டில் அழாதவள் அன்று உமக்காக அழுதாள்.

இனி எங்கே வந்தும் சாட்சி சொல்கிறேன், எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். உண்மையில் அதற்கு முன்பே ஒரு வக்கீலைப் பார்த்திருந்தேன். படம் இல்லாமல் என் பேச்சுக்கு இனிமேல் மதிப்பில்லை என்று அவர் சொல்லியிருந்தார். அதையும் அவளிடம் சொன்னேன். பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு, "அந்த எட்டுப் படத்த நீரு பாத்தீரா?" என்று கேட்டாள்.

பார்த்தேன் என்றேன்.

"அப்ப சொல்லும். எம் பிள்ள எப்படி இருந்தா?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒன்றையும் தாண்டிப் போக விடவில்லை. எந்தக் கையில் வளையல் உடைந்திருந்தது, கண் திறந்திருந்ததா, முடியை யார் ஒதுக்கினார்கள் என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். முடித்ததும், "இன்னொரு தடவ சொல்லும்" என்றாள்.

அந்தப் படங்களைப் பார்த்தவர்களில் இப்போது மிச்சம் இருப்பவன் நான் ஒருவன்தான். அச்சுப் போடாததால் அவை எனக்குள் நெகட்டிவாகவே தங்கிவிட்டன. முகம் கறுத்து, கூந்தல் வெளுத்து, கழுத்தில் வெள்ளை வெள்ளையாக விரல்கள். ஒவ்வொரு ஆவணியிலும் அந்த வீட்டுக்குப் போகிறேன். காப்பி கொடுப்பாள். குடித்து முடித்ததும் "சொல்லும்" என்பாள். முதல் படத்திலிருந்து ஆரம்பிப்பேன்.

நாலைந்து வருஷமாக அவளுக்குக் காது மந்தம். சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தெருவில் போகிறவர்கள் வாசலில் நின்று கேட்கிறார்கள். மில்காரர் வீட்டுக்குச் சொந்தமானவர்களும் அந்தத் தெருவில் இருக்கிறார்கள். நான் குரலைத் தாழ்த்துவதில்லை.