உன் பக்கத்து வெளிச்சம்

இன்று காலை வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய பார்சலைப் பிரித்தேன். கையுறை, முகமூடி எல்லாம் போட்டிருந்தும் அழுகின முள்ளங்கி நாற்றம் மூக்கில் ஏறிவிட்டது. உள்ளே, வெடித்துக் கருகிய ஒரு லென்ஸ் வில்லை. கூட வந்த சீட்டில், சோதித்தவர் என்ற இடத்தில் என் பெயர். நீ இருந்திருந்தால், யார் வீட்டில் சாம்பார் என்று கேட்டிருப்பாய். நீ போன பிறகு இப்படி வருவது இது முதல் தடவையும் அல்ல.

துத்தநாக செலினைடு என்று வாய்கொள்ளாத பெயர் அதற்கு. நமக்கு அது மஞ்சக்கல்லு. தகடு வெட்டும் லேசரின் அகச்சிவப்புக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. சாதாரணக் கண்ணாடி அதை வழிமறித்துத் தானே சூடாகி வெடித்துவிடும். மஞ்சக்கல்லு அதையும் விடும், கூடவே வரும் சிவப்புக் குறி வெளிச்சத்தையும் விடும். அதனால்தான் கதிர் எங்கே விழும் என்று வெட்டுகிறவனுக்குத் தெரிகிறது. ஆனால் ரொம்ப மெத்தென்ற ரகம், துணி பட்டாலே கீறும். கீறலோ தூசியோ இருந்தால் அந்த இடம் சூடேறி வில்லையே போய்விடும். அந்தப் புகையும் தூளும் விஷம். நான் அவசரமாக வில்லைத் தட்டை நகர்த்தும்போதெல்லாம் நீ சொல்வாய்: "அந்தாண்ட ஒருத்தன் மூச்சு வுடுறான்டி. பாத்து அனுப்பு."

கே.ஜி.எஃப். தங்கச் சுரங்க ஊரில் பக்கத்துப் பக்கத்து லைன் வீடு நமக்கு. சுரங்கம் மூடின பிறகு பிழைக்க வந்து, ஈஜிபுராவில் ஒரே தெருவில் குடியேறி, ஒரே வேனில் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய், ஒரே மேசையில் விளக்கடியில் வில்லைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே நமக்கு நரைத்துவிட்டது. விரல் படாமல் விளிம்பைப் பிடி, வாயால் ஊதாதே, ரப்பர் பந்தால் ஊது. கடைசியில் நீ வீட்டில் தோசைத் தட்டைக்கூட விளிம்பில்தான் பிடித்தாய். அதற்கு நான் செய்த கேலி கொஞ்சமா?

கடைசி இரண்டு வருஷமாக உனக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. டீ வருவதற்கு முன்னால் என் தட்டை உன் பக்கம் இழுத்துக்கொள்வாய். "எங்கிட்ட லைட்டு நல்லா இருக்குது, குடு" என்பாய். பெரிய மேஸ்திரி என்று நான் முறைத்துக்கொண்டே கொடுப்பேன். நீ அலட்டிக்கொள்ளாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, ஒன்றிரண்டை எடுத்து உன் கழிவு டப்பாவில் போட்டுக்கொள்வாய். என் கணக்கில் கழிவே இராது. அதில் எனக்குப் பெருமை வேறு.

போன வாரம் கண் டாக்டரிடம் போனேன். இரண்டு கண்ணிலும் புரை, உள்ளே மஞ்சள் பாரித்துவிட்டது, வருஷக்கணக்காகவே இருந்திருக்கும் என்றார். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போதுதான் உன் வெளிச்சம் எனக்குப் புரிந்தது. துக்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. சொல்லித் தொலைத்திருக்கலாம் அல்லவா? நல்லதைக்கூடத் திருட்டுத்தனமாகச் செய்தவள் நீ. ஒரு வாரக் காய்ச்சலில் போயும்விட்டாய். நானோ வேலை போய்விடுமே என்ற பயத்தில், டாக்டர் சொன்ன பிறகும் தட்டு தட்டாக அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இன்று அந்த நாற்றத்துக்குப் பிறகு மறைக்க முடியவில்லை. பார்சலை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போய், என் கண் சரியில்லை, நான் பார்த்து அனுப்பினதையெல்லாம் திரும்ப வரவழையுங்கள் என்றேன். அவர் சீட்டில் என் பெயரைப் பார்த்தார். பிறகு, எத்தனை நாளாக இப்படி என்று கன்னடத்தில் கேட்டார். எனக்குத் தமிழ்தான் வந்தது.

"தெரியல சார். பாத்துக்க ஆளு இருந்துச்சு."

திட்டவில்லை. ஆபரேஷன் செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார். வேலை இருக்குமா என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தெம்பும் இல்லை. புரை எடுத்தால் எல்லாம் பளிச்சென்று தெரியுமாம். தெரியட்டும். மங்கலாக இருந்தவரை, பக்கத்து நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோலாவது இருந்தது.