கோட்டுக்காரனின் உடம்பு

கைனகரி
12.2.1999

என் ரோசிலி மோளுக்கு அம்மச்சியின் முத்தம்.

படகு பிடித்து வீடு வந்து சேர்ந்தேன். வாத்துகளைப் பக்கத்து வீட்டு ஏலிக்குட்டி பார்த்துக்கொண்டாள். உன் அப்பச்சன் இறந்த நாற்பத்தொன்றாம் நாள் விருந்திலிருந்து சொல்லாமல் வந்துவிட்டேன் என்று வருத்தப்படுவாய். குமட்டிக்கொண்டு வந்தது மோளே, அதனால்தான்.

கழுத்து நிறையச் சங்கிலி போட்ட ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஹோ, என்னா வாத்து நாத்தம்!" என்று மூக்கைப் பிடித்தார். அவர் வாயில் இருந்ததே வாத்துக் கால்தான். சப்பிக்கொண்டே சொன்னார். நீயும் கேட்டாய். சிரித்தாய்.

அதைவிட அருவருப்பு, வாசலில் வைத்த பெரிய படம். தலை அப்பச்சனுடையது. கீழே கோட்டும் டையும் போட்ட எவனோ ஒருவனின் உடம்பு. நான் யார் முன்னால் மெழுகுவத்தி கொளுத்தினேன்?

நீ வாங்கிப்போன பழைய படத்தைத் திருப்பி அனுப்பு. அவர் இருக்கிற படம் என்னிடம் அது ஒன்றுதான்.

அம்மச்சி த்ரேஸ்யா

கொச்சி
20.2.1999

அன்புள்ள அம்மச்சிக்கு,

உங்கள் மருமகன் டோமிச்சன் பெரிய இடத்து ஆட்களோடு பழகுகிறவர். மாமனார் வாத்து மேய்த்தார் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வார்? பேப்பரில் அந்தக் கோட்டுப் படத்தோடு அப்பச்சனைத் தோட்ட முதலாளி என்று போட்டாரே, அந்த மரியாதைக்காகவாவது அம்மச்சி திட்டாமல் இருக்கலாம்.

அந்தப் படத்தை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்? முழங்கால் வரை சேறு, பொத்தான் இல்லாத சட்டை. வாத்துகளை விற்றுவிட்டு இங்கே வந்துவிடுங்கள். மாடியில் ஏசி அறை இருக்கிறது. ஒரு வேலையும் செய்ய வேண்டாம். பழைய துணி எதுவும் கொண்டுவராதீர்கள், அந்த நாற்றம் போகாது.

ரோசிலி

கைனகரி
27.2.1999

ரோசிலி மோளுக்கு,

கடையில் ஏலிக்குட்டிக்குக் கருவாடு பொட்டலம் கட்டிக் கொடுத்தது அந்தப் பேப்பரில்தான். "த்ரேஸ்யா சேச்சி, உங்க ஆளு எப்போ தோட்டம் வாங்குனாரு? எனக்கு ஒரு ரப்பர் மரமாவது தரக்கூடாதா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் அழுதேன். படத்திலிருந்த அவர் முகத்தில் மீன் செதில் ஒட்டியிருந்தது. துடைத்தேன். கோட்டைத் துடைக்கவில்லை.

சேறு என்கிறாய். அறுத்த வயலில் வாத்துகளை இறக்கிவிட்டு, வரப்பில் உட்கார்ந்து கடுங்காப்பியும் அவித்த மரவள்ளியும் தின்போம். "எடி த்ரேஸ்யே, இதுக்கு மேல என்னாடி வேணும்? ஒரு கல்லு உப்பு கூட இருந்தா நல்லாருக்கும், அவ்வளவுதான்" என்பார். வேறு எதுவும் கேட்டதே இல்லை. படகில் போன யாரோ அந்த வரப்பில்தான் எங்களைப் படம் எடுத்தார்கள். நீ படித்ததும் அந்தச் சேற்றுக் காசில்தான்.

கையைக் கட்டிக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே உடம்பு கூசுகிறது. வரமாட்டேன். படத்தை அனுப்பு.

அம்மச்சி

கொச்சி
8.3.1999

அம்மச்சிக்கு,

படம் இத்துடன் இருக்கிறது. ஸ்டூடியோக்காரர் தலையைக் கத்தரித்து எடுத்திருக்கிறார். கவரில் போடும்போதுதான் பார்த்தேன். கோபப்படாதீர்கள். கோட்டுப் படத்தில் சின்னதாக ஒன்று அனுப்பட்டுமா?

ரோசிலி

கைனகரி
15.3.1999

ரோசிலி மோளுக்கு,

படம் வந்தது. கழுத்துக்கு மேலே ஓட்டை. அதன் வழியாக என் விரல் தெரிந்தது. கவிழ்த்து வைத்துவிட்டு வாத்துகளுக்குத் தீனி போடப் போனேன்.

திரும்பி வந்து எடுத்துப் பார்த்தேன். கால் அவருடையது. சேறு நம்முடையது. என் தோளில் அவர் கை இருக்கிறது, நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். முகம் எனக்கு மறக்காது. சுவரில் மாட்டிவிட்டேன்.

கோட்டுப் படம் வேண்டாம். தலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

வாத்துகள் முட்டையிடத் தொடங்கிவிட்டன. உனக்கு அனுப்பவில்லை, வீடு நாறும். அறுவடை முடிந்த வயலுக்கு அவற்றை ஓட்டிக்கொண்டு கிளம்புகிறேன். அப்பச்சனைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் வா. செருப்பைக் கரையில் விட்டுவிட்டு வயலில் இறங்கு. அங்கேதான் இருப்பேன்.

உன் அம்மச்சி,
வாத்துக்காரன் வர்க்கியின் த்ரேஸ்யா