இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளி

தமிழ்ச்செல்விக்கு உன் அப்பா எழுதுவது.

குலதெய்வத்தின் முன்னால் வைத்த இரண்டு பொட்டலத்திலும் உன் அம்மா வெள்ளை அரளியையே வைத்துக் கட்டியிருக்கிறாள். நீ வக்கீலுக்குப் படிக்கலாம் என்று சாமி உத்தரவு கொடுக்கவில்லை, உன் அம்மா கொடுத்திருக்கிறாள். என்னையும் சாமியையும் ஒருசேர ஏமாற்றிவிட்டாள்.

உனக்கு இது தெரியாது என்று அவள் அடித்துச் சொல்கிறாள். நம்புகிறேன். இப்போது தெரிந்துகொள். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால் எழுதி, விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நாம் பேசி வைத்தது நினைவிருக்கும். சிவப்பு வந்தால் திருமங்கலம் தாலுகா ஆபீஸ் வேலை, வெள்ளை வந்தால் கோயம்புத்தூரில் சட்டப் படிப்பு. எது வந்தாலும் மறுபேச்சு இல்லை என்று நான்தான் சொன்னேன். பூசாரி முத்திருளனின் பேத்தி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளை. நீ சந்தோஷத்தில் அழுதாய். நானே உன் பெட்டியைத் தூக்கி வந்து பஸ்ஸில் ஏற்றினேன். எடுக்காத பொட்டலத்தைப் பிரிப்பது சாமியைச் சந்தேகப்படுவது என்பது நம் வழக்கம். அந்த வழக்கத்துக்குப் பின்னால்தான் உன் அம்மா ஒளிந்துகொண்டாள்.

முத்திருளன் கோயிலைக் கூட்டும்போது அந்தப் பொட்டலம் எலி கடித்துக் கிடந்ததாம். உள்ளே இருந்த வாடிய வெள்ளைப் பூவை எடுத்துக்கொண்டு நேரே டீக்கடைக்கு வந்துவிட்டான். பங்காளிகள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். காளை சும்மா இருப்பானா? 'சாமிக்கே பொய்ச் சாட்சி விட்ருக்காகண்ணே உங்க வீட்ல. பேசாம மதினியவும் சேத்து வக்கீலுக்குப் படிக்க வைங்க' என்றான். கடையே சிரித்தது. கிணற்று வழக்கில் என்னிடம் தோற்றவன் அவன். அவன் சிரிக்கும்படி வைத்தது என் பெண்டாட்டி.

வீட்டுக்கு வந்து கேட்டேன். உன் அம்மா களைக்கொத்தியைக் கூடக் கீழே வைக்கவில்லை. 'ஆமா, நாந்தேன் வச்சேன். சாமிக்குத் தெரியாதாக்கும்? தெரிஞ்சுதேன் பேசாம இருந்துச்சு' என்றாள். இத்தனை வருடத்தில் என்னை எதிர்த்து அவள் பேசிய முதல் பேச்சு இது. பரவைக்கு, அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விடச் சொன்னேன். ஒரு பையில் சேலைகளை வைத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நின்று, 'ஆட்டுக்குட்டிக்கு இன்னம் தண்ணி காட்டல' என்று மட்டும் சொன்னாள். அன்று நான் குட்டிக்குத் தண்ணீர் காட்டவில்லை.

இனி படிப்புக்கு வருகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவன் என்பதால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நீ நினைக்கலாம். கிணற்று வழக்குக்கு வக்கீல் வைக்காமல் சட்டப் புத்தகத்தை நானே எழுத்துக்கூட்டிப் படித்து வாதாடினேன். உசிலம்பட்டிக் கோர்ட்டில் நான் உட்காராத படி இல்லை. உன்னைப் போன்ற பெண்களை அங்கே பார்த்திருக்கிறேன். சீனியருடைய கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நிற்பார்கள். வாய்தா கேட்பதற்கு மட்டும் உள்ளே போவார்கள். மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சீனியர் எப்போது கூப்பிடுவாரோ என்று சாப்பிடாமல் இருப்பார்கள். வக்கீல் வீட்டில் பிறந்திருந்தால் அப்பன் நாற்காலி உனக்கு வரும். உன் அப்பனுக்கு இருப்பது கட்டில்.

அழகுபாண்டியைத் தெரியும் அல்லவா? படித்து முடித்து எட்டு வருடம் ஆகிறது. ஆட்டுச் சந்தையில் தரகு பார்க்கிறான். வண்டியில் ஒட்டிய வக்கீல் ஸ்டிக்கர் போலீஸ்காரன் நிறுத்தாமல் இருக்க உதவுகிறது. 'கறுப்புக் கோட்ட வெயில்ல காயப்போட்டுப் பாக்குறேன் மாமா, நெறம் மாத்திரம் மாற மாட்டேங்குது' என்று அவனே சிரிக்கிறான். நீ அவனைவிடக் கெட்டிக்காரி என்று உன் அம்மா சொன்னாள். இருக்கட்டும். அவன் ஆண், ஆட்டுச் சந்தைக்காவது போனான். நீ எங்கே போவாய்?

அரசாங்கக் கல்லூரி, கட்டணம் குறைவு என்றாய். நான் கட்டணத்தைப் பற்றிப் பேசவில்லை. நாலு வருடம் கதவைச் சாத்திக்கொண்டு படித்து வாங்கிய வேலையை விடுகிறாய். திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் அந்த நாற்காலியில் வேறொருத்தி உட்காருவாள். ஒரு நாள் நீ ஒரு சான்றிதழுக்காக அவள் முன்னால் கைகட்டி நிற்பாய். அன்றைக்கு நான் சொன்னதை நினைத்துக்கொள்.

நேற்று விடிந்ததும் கோயிலுக்குப் போனேன். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை என்று என் கையாலேயே கட்டி, மறுபடி கேட்டேன். அதே பிள்ளைதான் எடுத்தது. என்ன பூ வந்தது என்பது உனக்கு வேண்டாம். பொய்ப் பூவைக் காட்டிய பிறகு கேட்பது கேள்வியே ஆகாது, அதற்கு வருவதும் உத்தரவு ஆகாது. முத்திருளன், 'ரெண்டு தடவையும் சாமி ஒண்ணத்தேண்ணே சொல்லுது' என்று ஆரம்பித்தான். வாயை மூடச் சொல்லிவிட்டு வந்தேன்.

உன் மாமா தங்கப்பாண்டி பரவையிலிருந்து போன் போட்டு, 'ஒரு பூவுக்கா மாப்ள இம்புட்டு? அக்கம்பக்கத்துல கேக்குறாக, தங்கச்சி சோறு திங்க மாட்டேங்குறா' என்றார். சோறு வேண்டாம் என்பவளை நான் ஊட்ட முடியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். வீட்டில் ஒரு குறையும் இல்லை. உலை வைக்க எனக்குத் தெரியும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாற்றம் கிடையாது.

முத்திருளன் நேற்று வந்த பூவைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது.

தங்கப்பாண்டி சமாதானம் பேச ஆள் கூட்டிக்கொண்டு இங்கே வரக் கூடாது.

நீ கல்லூரியில் கொடுத்த சான்றிதழ்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும்.

நீ சேர்ந்த அன்று சாயங்காலம் உன் அம்மா வீட்டுக்கு வரலாம். அழைத்துவர யாரும் போக மாட்டார்கள். பையை அவளே தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

நீ வரவில்லை என்றால், அவள் பரவையிலேயே இருக்க வேண்டும். அதை நானும் சொல்ல மாட்டேன், அவள் அண்ணனும் சொல்லக் கூடாது. நீதான் அவள் முன்னால் நின்று சொல்ல வேண்டும், உன் வாயால். நாளைக்குக் கோர்ட்டில் பேசப்போகிற வாய் அல்லவா, முதலில் அங்கே பேசட்டும்.

இப்படிக்கு, உன் பதிலுக்குக் காத்திராத

மலையாண்டி