நாலாவது பத்தி

பிப்ரவரி 12

அன்புள்ள கோர்ட்டம்மாவுக்கு,

நலமா? போன் வேண்டாம், எதுவா இருந்தாலும் எழுதுங்கன்னு நீ சொன்னதால எழுதுறேன். என் கோழிக்கிறுக்கலைப் படிக்கிற தண்டனை உனக்குத்தான்.

இங்க டிரைவிங் ஸ்கூல் நல்லாவே ஓடுது. போன வாரம் ஒரு பல் டாக்டர் கத்துக்க வந்தார். வண்டியை நேரா கொண்டுபோய் எங்க ஆபீஸ் சுவத்துலயே மோதிட்டு, "சத்தியமா பிரேக்கைத்தான் மிதிச்சேன் மாஸ்டர்"னு என்கிட்டயே சாதிக்கிறார். சிரிக்கிறதா அழறதான்னு தெரியலை.

விஷயத்துக்கு வர்றேன். நான் வீட்டை விட்டு வந்து போன மாசத்தோட ரெண்டு வருஷம் முடிஞ்சுது. ரெண்டு வருஷமா ஒரே கூரைக்குக் கீழ வாழலைன்னு புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியா சத்தியம் பண்ணிக் கொடுத்தா, சண்டை சச்சரவு இல்லாம விவாகரத்து கிடைச்சிடும். கோர்ட்டுல சத்தியப் பேப்பர் வாங்குற ஆபீஸ்லயே உட்கார்ந்திருக்கிற உனக்கு நான் சொல்லித் தரணுமா? உன்னோட ஃபாரத்தை இதோட வச்சிருக்கேன்.

கணக்கு டீச்சரைப் பத்தி உனக்கு முன்னாடியே சொல்லியிருக்கேன், ஒளிச்சு வைக்கலை. அவங்களுக்கு ஜூன்ல வேற ஊருக்கு மாற்றல். கல்யாணத்தைப் பதிவு பண்ணாம என்னைக் கூட்டிட்டுப் போக மாட்டாங்களாம். அதான் அவசரம்.

ஃபாரம் இங்கிலீஷ்ல 'ஐ ஸ்வேர்'னு, அதான் 'சத்தியமாச் சொல்றேன்'னு ஆரம்பிக்குது. அதெல்லாம் பழைய காலத்துச் சம்பிரதாயம், பெரிசா ஒண்ணுமில்லைன்னு டீச்சர் சொல்றாங்க. கையெழுத்துப் போட்டு அனுப்பிடு. புண்ணியமாப் போகும்.

உடம்பைப் பார்த்துக்க.

இப்படிக்கு,
மாஸ்டர்


பிப்ரவரி 17

மாஸ்டருக்கு,

ஃபாரம் கிடைச்சுது. உங்க டீச்சருக்குக் கணக்கு நல்லா வரலாம். இது வேற பாடம்.

பத்தொன்பது வருஷமா இந்த மேஜையில உட்கார்ந்து ஜனங்களைச் சத்தியம் பண்ண வைக்கிறேன். வெளியே வராந்தாவுல எல்லாருக்கும் அது தண்ணி பட்ட பாடு. "எங்கம்மா சத்தியமா பஸ் லேட்டு மேடம்" என்பாங்க. அதே ஆளு உள்ளே வந்து, வலது கையைத் தூக்கி, 'ஐ ஸ்வேர்'னு சொல்ல என் முகத்தை நேராப் பார்க்கும்போது தொண்டை காஞ்சு போகுது. அதுக்குன்னே ஒரு ஜக்குல தண்ணி வச்சிருக்கோம். டாக்டரும் மந்திரியும் பட்டாளத்துக்காரனும் வேலைக்குப் போற முதல் நாள் சொல்றது அந்த வார்த்தையைத்தான். பதிவு ஆபீஸ்ல நாம ரெண்டு பேரும் சொன்னோமே, அதுவும் அந்த ஜாதிதான். நீங்க என் தலையில கை வச்சு சிகரெட்டை விட்டுட்டேன்னீங்க, அது மட்டும் வேற. என் தலை இன்னும் கழுத்து மேலயே இருக்கு, அதுவே அதிசயம்.

நாலாவது பத்தியைப் படிச்சீங்களா? 'இந்த ரெண்டு வருஷத்தில் ஒரு நாளும் நாங்கள் ஒரே வீட்டில் வாழவில்லை.' போன வருஷம் ஏப்ரல் எட்டுலேருந்து பதினெட்டு வரை எங்கே இருந்தீங்க? எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்த அன்னிக்குக் கதவைத் தட்டுனது யாரு? பதினொரு நாள். சட்டப்படி நீங்க திரும்பிப் போன நாள்லேருந்துதான் ரெண்டு வருஷத்தை எண்ணணும்.

என்னால கையெழுத்துப் போட முடியாது.

இப்படிக்கு,
உங்க ஃபாரத்துல 'மனைவி'ன்னு போட்டிருக்கிற இடத்துல இருக்கிறவ


பிப்ரவரி 22

கோர்ட்டம்மா,

உன் லெட்டரைப் படிச்சேன். அது வாழ்ந்ததா? நீ படுத்த படுக்கையா கிடந்தே. பார்த்துக்க ஆள் இல்லைன்னு உன் தங்கச்சி போன்ல அழுதா. வந்தேன். சூப் வச்சேன், தலை அலசி விட்டேன், வயித்துல வச்சிருந்த டியூப்ல வந்த தண்ணியை அளந்து எழுதுனேன். ஒரு நர்ஸ் செய்யற வேலை. படுத்தது சோபாவுல. நர்ஸு வீட்டுல தங்குனா அதுக்குப் பேர் குடித்தனமா?

பதினொரு நாள் அங்க இருந்தது உனக்கும் எனக்கும் உன் தங்கச்சிக்கும்தான் தெரியும். யார் கேட்கப் போறா? உனக்கு மனசு வரலைன்னு நேரடியாச் சொல்லு. சட்டத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்காதே. இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல நான் தொங்கணும், டீச்சர் கையை விட்டுப் போகணும், அதானே உனக்கு வேணும்?

கோபத்துல எழுதிட்டேன். ஆனா எழுதினதை அடிக்கப் போறதில்லை.

மாஸ்டர்


மார்ச் 2, செவ்வாய்

மாஸ்டருக்கு,

கூரியர்ல அனுப்புறேன், உடனே படிங்க.

நேத்து நான் லீவு. அதைத் தெரிஞ்சுக்கிட்டே எங்க ஆபீஸுக்கு வந்திருக்கீங்க. எனக்கு எதிர் மேஜையில இருக்கிறவர் முன்னாடி கையைத் தூக்கி, நாலாவது பத்தியையும் சேர்த்துச் சத்தியம் பண்ணிட்டுப் போயிருக்கீங்க. பாவம், அவருக்கு நீங்க யாருன்னு தெரியாது. சத்தியம் பண்ணின பேப்பர் எல்லாம் நம்பர் போட என் தட்டுக்குத்தான் வரும்னு உங்களுக்கும் தெரியாது. காலையில காப்பியை வச்சுட்டு முதல் பேப்பரை எடுத்தேன். உங்க கையெழுத்து.

சத்தியம் பண்ணினவரே நேர்ல வந்து கேட்டா, பேப்பரைத் திருப்பிக் கொடுக்கலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் அந்த வசதி. அப்புறம் அது ஜட்ஜ் அறைக்குப் போயிடும், என்னையும் கூப்பிடுவாங்க. அப்போ நானும் கையைத் தூக்கிப் பொய் சொல்லணும். இல்லேன்னா உண்மையைச் சொல்லி உங்களை ஜெயில்ல தள்ளணும். பேப்பரைப் பார்த்ததும் ரெண்டும் என்னால முடியாதுன்னுதான் நினைச்சேன். ஆனா கேட்டா நான் உண்மையைத்தான் சொல்லுவேன். இதை இப்பவே தெரிஞ்சுக்கோங்க.

இன்னொண்ணு. சட்டத்துக்குப் பின்னாடி ஒளியறேன்னு எழுதியிருந்தீங்க. பாதி நிஜம். ஒன்பதாம் நாள் ராத்திரி எனக்குக் குளிர் ஜுரம் வந்தப்போ நீங்க சோபாவுல இல்லை. விடியற வரைக்கும் என்னைக் கட்டிப் பிடிச்சுட்டு இருந்தீங்க, "நான் இருக்கேன், நான் இருக்கேன்"னு சொல்லிட்டே இருந்தீங்க. நான் தூங்கலை. எல்லாம் சரியாப் போச்சுன்னு நினைச்சேன். மறுநாள் தங்கச்சியை விட்டு உங்களுக்கு ஒரு புது டூத் பிரஷ் வாங்கினேன், எனக்கே வெட்கமா இருக்கு. பன்னிரண்டாம் நாள் காலையில நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள கிளம்பிட்டீங்க. 'கிளாஸ் இருக்கு'ன்னு ஒரு துண்டுச் சீட்டு.

நீங்க டீச்சரைக் கட்டிக்கோங்க. அது எனக்கு வலிக்குது, ஆனா அதைத் தாங்கிக்குவேன். அந்தப் பதினொரு நாள் நடக்கவே இல்லைன்னு சொன்னீங்களே, அதைத்தான் தாங்க முடியலை.

வெள்ளிக்கிழமைக்குள்ள வாங்க. நான் அந்த அறையில இருக்க மாட்டேன்.

நான்


மார்ச் 7, ஞாயிறு

அன்புள்ள கோர்ட்டம்மாவுக்கு,

வெள்ளிக்கிழமை வந்துட்டுப் போனதை உனக்கு அந்த எதிர் மேஜை மனுஷர் சொல்லியிருப்பார். என் பக்கத்தையும் கேளு.

திங்கட்கிழமை நான் பொய் சொன்னப்போ எனக்கு வேர்க்கலை, நாக்குக் குழறலை, உன் ஜக்குத் தண்ணி தேவைப்படலை. கடகடன்னு சொல்லி முடிச்சு, கீழே வந்து டீ குடிச்சேன். இவ்வளவு சுலபமாவா இருக்கும்னு உன் லெட்டரைப் படிச்சப்புறம்தான் பயம் வந்துது. ஒன்பதாம் நாளை நான் நிஜமாவே மறந்திருந்தேன். மறந்தேனா, மறக்க வச்சேனான்னு சொல்லத் தெரியலை. அன்னிக்கு விடிஞ்சதும் எனக்கு உன்னை விட்டுப் போகவே பிடிக்கலை. அதுக்குப் பயந்துதான் ரெண்டு நாள்ல ஓடிட்டேன். கோழைப்பயல்னு திட்டு, வாங்கிக்கிறேன்.

டீச்சர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அப்புறம், "என்கிட்டயும் நாளைக்கு இப்படித்தான் கையைத் தூக்குவீங்களா?"ன்னு கேட்டாங்க. ஜூன்ல அவங்க தனியாப் போறாங்க. காத்திருப்பாங்களான்னு நான் கேட்கலை, கேட்கிற மூஞ்சி எனக்கில்லை.

பழைய பேப்பரைத் திரும்ப வாங்கிட்டேன். புதுசா ஒண்ணு எழுதிக் கொடுத்திருக்கேன். இந்தத் தடவை மூணு டம்ளர் தண்ணி குடிச்சேன். உன் ஆளு பொறுமையா நின்னார். நம்பர் போடும்போது நாலாவது பத்தியைப் படி.

உன்,
மாஸ்டர்


மார்ச் 15

அன்புள்ள மாஸ்டருக்கு,

படிச்சேன். எங்க ஆபீஸ்ல யாரும் இப்படி எழுதிப் பார்த்ததில்லை. எதிர் மேஜைக்காரர் என் தட்டுல வச்சுட்டு, ஃபேனைப் போட்டுட்டு வெளியே போயிட்டார்.

'போன வருஷம் ஏப்ரல் 8 முதல் 18 வரை பதினொரு நாள் என் மனைவியின் வீட்டில் அவளோடு வாழ்ந்தேன். நர்ஸாக இல்லை. கணவனாக இருந்தேன். இது கடவுள் மேல் ஆணையாக உண்மை.'

நின்னுக்கிட்டே படிச்சேன், அப்புறம் உட்கார்ந்தேன். அழுதேன்னு எழுதுறதுல எனக்கு வெட்கம் ஒண்ணுமில்லை. இதை நீங்க என் காதுல வந்து சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். அறிமுகமில்லாத ஒரு மனுஷர் முன்னாடி, கையைத் தூக்கி, உங்களுக்கே நஷ்டம்னு தெரிஞ்சு சொல்லியிருக்கீங்க. இது போதும் எனக்கு. நான் இத்தனை நாள் பிடிச்சுட்டு இருந்தது இதுக்காகத்தான்.

அதனால இனி நான் பிடிச்சு வைக்கலை. போன வருஷம் ஏப்ரல் பதினெட்டுலேருந்து ரெண்டு வருஷம் எண்ணினா இன்னும் பதிமூணு மாசம் இருக்கு. அது முடிஞ்ச மறுநாளே நானே ஃபாரம் வாங்கி, கையைத் தூக்கி, கையெழுத்துப் போட்டு அனுப்புறேன். டீச்சருக்கும் இதைச் சொல்லுங்க. அவங்க நல்ல கேள்விதான் கேட்டிருக்காங்க, பதிலை நீங்க யோசிச்சு வைங்க.

அதுவரைக்கும் சட்டப்படி நீங்க என் வீட்டுக்காரர். அந்த உரிமையில ரெண்டு வார்த்தை. ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கோங்க, பல் டாக்டர் வண்டியில பெல்ட் போடாம உட்காராதீங்க.

எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. ஒருவேளை மறுபடியும் முடியாமப் போனாலும், தங்கச்சி போன் பண்ணினாலும், வராதீங்க. வந்து ஒரு நாள் தங்கினாலும் முதல்லேருந்து எண்ணணும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி